பொட்டுக்கு வைத்த டைமிங்

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிற ஒரு கார் சிங்காநல்லூரில் இருந்தது என்கிற இந்தக் கதையைக் குழந்தைவேலு இருபத்தொரு வருடமாகச் சந்தேகப்பட்டு வந்தார். நம்புகிறவர்கள் சும்மா இருந்தே நம்பிவிடுகிறார்கள், நம்பாமல் இருப்பதற்குத்தான் தினமும் பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை அவர் அனுபவத்தில் தெரிந்துகொண்டார். அவருக்கு ஐம்பத்துநாலு வயது. தொலைவில் கடலோர ஜில்லாவான ராமநாதபுரத்தில் சர்வேயர், நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து, வரப்புக்கு இரண்டு பக்கத்துக்காரர்களையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். கதையைச் சொன்னவர், கேட்க ஆள் கிடைத்தால் இன்றைக்கும் சொல்கிறவர், அவருடைய தாய்மாமன் ஆறுச்சாமி. எண்பத்திரண்டு வயது, அந்தக் காரின் சரிபாதி ஓனர். மறுபாதிக்கு ஓனர் குழந்தைவேலுவின் அப்பா சென்னியப்பன். அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆக, அந்தப் பாதி இப்போது குழந்தைவேலுவுடையது. சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆக்கிய மாதிரி, வருடத்துக்கு இரண்டு முறை லீவு போட்டு வந்து, தான் நம்பாத அந்தக் காரை அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் வந்த கதையில் சந்தேகம் எதுவும் இல்லை. வால்பாறையில் ஓர் எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது மூன்று நாய்களையும் இந்தக் காரையும் விட்டுவிட்டுப் போனார்; நாய்களை நல்ல விவரம் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காரைச் சென்னியப்பனும் ஆறுச்சாமியும் எடுத்துக்கொண்டார்கள். சென்னியப்பனுக்குப் பம்புசெட் ஒர்க்‌ஷாப், அதில் லேத் ஓட்டுகிறவர் மச்சினன் ஆறுச்சாமி. தாழ்ந்து நீண்ட மூக்கு, இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஆகாயம். மூக்கில் மூன்று பித்தளை எழுத்துகள் இருந்தனவாம். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் இரண்டு உதிர்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஒற்றை எழுத்தை வைத்து அது எந்தக் கம்பெனிக் கார் என்று இரண்டு ஓனர்களும் பத்து வருடம் சண்டை போட்டார்கள். ஊருக்கு அந்தக் கவலை இல்லை. சிவப்பாக இருந்தது, முட்ட வருகிற மாட்டைப்போல உறுமியது, அதனால் செவலை என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தக் காருக்கு உதிரி பாகம் இந்த தேசத்திலேயே கிடையாது என்று தெரிந்த நாளில் இரண்டு ஓனர்களுக்கும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஃபேன் பெல்ட் மாவு மில்லிலிருந்து வந்தது, கேஸ்கெட் பம்புசெட்டிலிருந்து வந்தது, மேலே மூடுகிற கேன்வாஸ் லாரித் தார்ப்பாயிலிருந்து வந்தது, வால்வுகளை ஆறுச்சாமி லேத்தில் கடைந்தார், ஒழுகுகிற எண்ணெயைப் பிடிக்க பூவாத்தாளின் வடைச்சட்டி வந்தது, வந்தது திரும்பிப் போகவில்லை. அசலாக மிச்சமிருந்தது ஸ்டியரிங்கும், மேனேஜரின் நாய் கடித்துவைத்த கியர் குமிழும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையானால் போதும், இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக மூச்சு விடவேண்டும் என்று, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, இருவரும் மத்தியானம் வரைக்கும் குனிந்தே கிடப்பார்கள். பூவாத்தாள் ஒருவருக்குப் பெண்டாட்டி, ஒருவருக்கு அக்காள். இருவரிடமும் அவள் இருபது வருடமாகச் சொல்லி வந்தவற்றை அந்தக் குழாய் வழியாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை காதில் விழுந்திருக்கும்.

"ரெண்டு சீட்டு, ரெண்டு ஓனரு" என்று ஒருநாள் அவள் கேட்டாள். "நான் எங்க உக்கார்றது? டிக்கிலயா?"

"டிக்கில ஸ்டெப்னி இருக்குதக்கா" என்றார் ஆறுச்சாமி, மரியாதையாக.

இதுவரைக்கும் எந்த ஊரிலும் நடப்பது. இனிமேல் சொல்லப்போவதைத்தான் குழந்தைவேலு சந்தேகப்பட்டார்.

பெட்ரோலுக்கு எந்தக் கணத்தில் தீப்பொறி வைப்பது என்பதற்கு ஒர்க்‌ஷாப்பில் டைமிங் என்று பெயர். அதைக் கொஞ்சம் முந்தி வைப்பதற்கு அட்வான்ஸ் என்று பெயர். அளவாக முந்தினால் வண்டி துள்ளும், அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். எது அளவு என்று தெரிவதற்காக எஞ்சினின் முன்னால் சுழல்கிற புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு செவலையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியதில் கோடு போய்விட்டது. பூவாத்தாளுக்குக் கோட்டைப் பற்றியெல்லாம் தெரியாது. லேத்துக்கும் திருப்புளிக்கும் தராசுக்கும் தையல் மெஷினுக்கும் வைத்த கையோடு, பானெட்டைத் திறந்து கண்ணில் பட்ட உருண்டையான பொருளுக்கெல்லாம் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், டைமிங் வைக்கலாம் என்று குனிந்த ஆறுச்சாமிக்குப் புல்லியில் தெரிந்த ஒரே அடையாளம் அந்தப் பொட்டு. கோடுதான் சிவந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பொட்டுக்கே டைமிங்கை வைத்து, அரை இஞ்ச் ஸ்பானரால் போல்ட்டை இறுக்கிவிட்டார். அந்த இடத்தில் வைத்தால் எந்த எஞ்சினும் ஸ்டார்ட் ஆகாது. செவலை ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, பால் குடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. கிளம்புவதற்கு முன்னால் சென்னியப்பன் கையைக் கழுவினார், தொப்பியைத் தேடினார், கண்ணாடியைத் துடைத்தார், ஒருமுறை ஐட்லிங்கைத் திருகினார், அது பிடிக்காமல் பழையபடி திருகினார். அதற்குள் வீட்டுக்குள் போன் அடித்தது. ஒண்டிப்புதூர் பேக்கரிக்காரர் சுகுமாரன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரும் தம்பியும் இங்க வந்து டீ குடிச்சிட்டிருக்காங்க."

"இங்கதான நின்னுட்டிருக்கறாங்க?" என்றாள் பூவாத்தாள், வாசலை எட்டிப் பார்த்து.

"அதுதான் சொல்றேன். இன்னும் கெளம்பலைன்னா கெளம்பச் சொல்லுங்க. ரெண்டாவது டீக்குச் சொல்லீட்டாங்க."

பூவாத்தாள் போனை வைத்தாள். வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, நீங்க போய்ச் சேந்து பத்து நிமிசமாச்சாமா. அப்பறம் என்ன இங்க நின்னு திருகிட்டு இருக்கறீங்க? கெளம்புங்க" என்றாள். சேர்ந்தது பத்து மணி, கிளம்பியது பத்தரை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பொம்பளை சொல்லாம இவங்க எங்க கெளம்புவாங்க."

சிங்காநல்லூர் இதற்கெல்லாம் அசந்துபோகிற ஊர் இல்லை. தண்ணீர் பதினெட்டு நாளுக்கு ஒருமுறை வந்த காலம் அது. வரவேண்டியது வராமல் இருப்பதற்குப் பழகியவர்களுக்கு, வரக்கூடாத நேரத்தில் வருவதற்குப் பழக ஒரு வாரம் ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குச் சென்னியப்பன் இரண்டு பேராக இருக்கிறாரே, எந்தச் சென்னியப்பனிடம் பேசுவது என்று மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. போய்ச் சேர்ந்தவரிடம் பேசுவது, கிளம்பாதவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவது என்று தெருவே ஒரு மரியாதையை ஏற்படுத்திக்கொண்டது. பூவாத்தாள் போன் பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டாள். எல்லாரும் கிளம்பின நேரத்தை முதலில் எழுதுவார்கள். அவள் கோடு கிழித்து, இடது பக்கம் 'சேந்தது', வலது பக்கம் 'கெளம்புனது' என்று எழுதினாள். போன் வந்ததும் இடது பக்கம் எழுதுவாள், வாசலுக்கு வந்து இருவரையும் விரட்டி ஏற்றிவிட்டுப் போய் வலது பக்கம் எழுதுவாள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டுக்கும் நடுவில் அரை மணிக்கு ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

திரும்பி வரும்போது மட்டும் செவலை எல்லா வண்டியையும் போலக் கிளம்பிய பிறகே வந்து சேர்ந்தது. வீட்டுக்குச் சீக்கிரம் வரவேண்டும் என்று இரண்டு ஓனர்களுக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை, அதனால் வண்டிக்கும் தோன்றவில்லை என்பது பூவாத்தாளின் விளக்கம்.

முதலில் வந்தவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். இராகுகாலத்தில் கிளம்பினாலும் இராகுகாலத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதை இந்த ஊர் கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை நாள்தான் ஆனது. மாப்பிள்ளைகள் செவலையில் ஆறுச்சாமியின் சீட்டில் உட்கார்ந்து போனார்கள். முகூர்த்தம் தவறிப்போன பிறகு எழுந்து குளித்த மாப்பிள்ளைகள்கூட முகூர்த்தத்தில் தாலி கட்டினார்கள், கட்டிய பிறகு குளித்தார்கள் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். கிளம்புகிற நேரம் கணக்கா, சேர்கிற நேரம் கணக்கா என்று காளியப்ப ஜோசியரிடம் கேட்டார்கள். அவர் மூன்று நாள் யோசித்து, "கெளம்பற நேரம் வண்டிக்கு, சேர்ற நேரம் ஆளுக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் கெட்ட நேரமெல்லாம் வண்டியின் தலையிலா என்று ஆறுச்சாமி பதறிப்போய், செவலைக்கு ஜாதகம் எழுதச் சொன்னார். பிறந்த தேதி தெரியாது, ஊர் தெரியாது, பெயரில் ஓர் எழுத்துத்தான் மிச்சம். ஜோசியர் அதற்கெல்லாம் தயங்குகிறவர் இல்லை. கன்னி ராசி, இரண்டு களத்திரம் என்று எழுதிக் கொடுத்தார். பூவாத்தாள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அந்த ரெண்டு பேரும் இவங்கதான்" என்றாள்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஊட்டிக்கு ஒரு பந்தயம் வைத்தது. கீழே கொடியசைக்க விருந்தாளி இன்னும் வரவே இல்லை, மேலே செவலை வந்து நின்று இரண்டு ஓனர்களும் கேரட் கடித்துக்கொண்டிருந்தார்கள். கொடி அசைப்பதற்கு முன் வந்ததால் தகுதி இழந்தது என்று சங்கம் முடிவு செய்தது. கொடி அசைத்த பிறகுதானே கிளம்பினோம் என்று சென்னியப்பன் வாதாடினார். சங்கத்தில் இரண்டு வக்கீல்கள் இருந்ததால் இந்த வழக்கு நாலு வருடம் நடந்தது; கடைசியில், நன்றாகத் துடைத்து வைத்திருக்கிற கார் என்று ஒரு கேடயம் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

ஒரே ஒருமுறைதான் ஆபத்து வந்தது. சூலூரில் ஒரு கல்யாணம். சென்னியப்பன் போய்ச் சேர்ந்து, பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாதி சாப்பிட்டுவிட்டார். வீட்டிலிருந்த சென்னியப்பனோ கார்புரேட்டரில் ஏதோ மூச்சு பிசகுகிறது என்று குழாயைக் காதில் வைத்து உட்கார்ந்துவிட்டார். மண்டபத்திலிருந்து போன் மேல் போன். "உங்க வீட்டுக்காரரு மங்கலாத் தெரியறாருங்க, பாயசம் ஊத்துனா இலைக்கு அந்தப் பக்கம் தெரியுது" என்றார்களாம். பூவாத்தாள் கத்தினாள், தெருவே ஓடிவந்தது, "அண்ணா, பாயசம் வெச்சாச்சாமா, கெளம்புங்கண்ணா" என்று காரோடு சேர்த்து அவரைத் தள்ளிவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் போய்த்தான் அங்கே அவர் பளிச்சென்று ஆனார். அதிலிருந்து யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் எல்லாருக்கும் தெரிந்துபோனது: சேர்ந்துவிட்டால் கிளம்பியாக வேண்டும்.

அரை மணி கிடைத்தவர்களுக்கு ஒரு மணி வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் வைத்தால் என்ன என்று இரண்டு ஓனர்களும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முயன்றார்கள்; பொட்டைத் தாண்டி ஒரு நூல் போனாலும் எஞ்சினுக்குள் அந்தச் சுத்தியல் கதவைத் தட்டத் தொடங்கிவிடும், ஸ்பானரை எடுத்துப் பழைய இடத்துக்கே வைப்பார்கள். பொட்டு வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, பூவாத்தாள் கையால் புதிதாகும். அதுவரைக்கும் மங்காமல் அதைக் காப்பாற்ற ஆறுச்சாமி அதன்மேல் வார்னிஷ் அடித்துப் பார்த்தார், கரைந்துபோனது. "நான் வெச்சுக்கறனில்ல, போடா" என்றாள் அவள்.

பன்னிரண்டாவது வருடம் பூவாத்தாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எல்லா டாக்டரும் சொல்கிறதைத்தான் சொன்னார்: "ஆறு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்." வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அவர்கள் அழுதிருப்பார்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் பானெட்டைத் திறந்தார்கள்.

இரண்டு மாதம் அதுதான் நடந்தது. ஆறு மாத அட்வான்ஸ். தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினார்கள், ஷாஃப்டைக் கடைந்தார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள், குங்குமத்தைப் பெரிதாக வைத்துப் பார்த்தார்கள். பூவாத்தாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய அன்றைக்கு செவலையின் பாதி எஞ்சின் மேசைமேல் கிடந்ததால், அவள் ஆட்டோவில் போனாள். அந்தக் காரில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த வருட ஆயுத பூஜைக்கு அவள் வீட்டில் இல்லை. சாமி படத்துக்குப் பொட்டு வைத்தது யாரென்று தெரியாது, புல்லிக்கு யாரும் வைக்கவில்லை.

அதற்குப் பத்தாம் நாள் அவள் போனாள். மத்தியானம் சுமாராகத்தான் இருந்தாள். சாப்பிட்டு வருகிறோம் என்று இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாலு மணிக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. நாலு ஐந்துக்கு வீட்டுக்குப் போன் போனது; ஆஸ்பத்திரியில் கூட இருந்து போன் செய்த சித்தி வள்ளியாத்தாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசியதாகச் சொல்கிறாள். நாலு இருபதுக்கு செவலை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பத்துப் பேர் பார்த்தார்கள். ஆறுச்சாமி அன்றும் சொன்னார், இந்த இருபத்தொரு வருடமும் சொல்லி வருகிறார்: "போன் வந்த கையோட கெளம்பீட்டோம்."

சர்வேயர் குழந்தைவேலு இதை அளந்து பார்க்காமல் இருக்க முடியுமா? வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். போன் வந்ததும் கிளம்பி நாலு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், செவலை எல்லாக் காரையும் போல ஒரு கார். பன்னிரண்டு வருடக் கதையும் பொய், பேக்கரியும் பொய், பாயசமும் பொய். அப்பா ஒரு கதைகட்டி, ஆனால் குற்றமில்லாதவர். கதை நிஜம் என்றாலோ, போன் வந்ததும் கிளம்பியிருந்தால் மூன்று முப்பத்தைந்துக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். இருபத்தைந்து நிமிடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். அப்படிச் சேரவில்லை. நாலு இருபதுக்குத்தான் சேர்ந்தார்கள் என்றால், கிளம்பியது நாலு ஐம்பதுக்கு. பெண்டாட்டி போய்விட்டாள் என்று தெரிந்த பிறகு, அவளை உயிரோடு பார்ப்பதற்கு வழியும் தெரிந்த பிறகு, முக்கால் மணி நேரம் அந்த மனுஷர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்? இதனால்தான் குழந்தைவேலு அந்தக் கதையை நம்ப மறுத்தார். அப்பா நல்லவராக இருப்பதற்கு, அந்தக் கார் சாதாரணக் காராக இருந்தாகவேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் அபூர்வமாகத்தான் யோசிப்பார். இரண்டு நாள் முன்னாலேயே மாமா அவருக்குப் போன் போட்டு, "வந்துரு கண்ணு" என்று சொல்லியிருந்தார். அப்போது ஒரு வரப்புத் தகராறில் அளவு நாள் குறித்திருந்தது; அதை முடித்துவிட்டு, கிளம்பிய பிறகே போய்ச் சேர்கிற ஒரு சாதாரண பஸ்ஸில் ஏறி, மறுநாள் காலையில் வந்து இறங்கினார். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஊரே நின்றுகொண்டிருந்தது. ராத்திரி முழுவதும் பஸ்ஸில் தன்னைத் திட்டிக்கொண்டு வந்தவர், இறங்கியதும் அந்தத் திட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

"உங்க செவலை எங்கப்பா போச்சு? அது முந்திப் போற வண்டியாச்சே!"

காரியமெல்லாம் முடிந்த அன்று அப்பா காரைத் தார்ப்பாயால் மூடினார். "பானெட்டை யாரும் தொறக்கக் கூடாது" என்றார். மீதி ஒன்பது வருடத்தில் காரைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

பானெட்டைத் திறக்காமல் ஒரு காரை எப்படிப் பராமரிப்பது என்பதில் ஆறுச்சாமி அதன்பிறகு பெரிய நிபுணராகிவிட்டார். டயருக்குக் காற்று, சீட்டுக்கு வெயில், பித்தளைக்குப் புளி, பெயிண்டுக்கு மெழுகு. லீவில் வருகிற குழந்தைவேலு ஹாரனைச் சரிசெய்வார், வைப்பருக்குப் புது ரப்பர் போடுவார். பிறகு இருவரும் ஓடாத காரில், ஆளுக்கொரு சீட்டில், கேன்வாஸை மடக்கிவிட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். சுவரில் சென்னியப்பனின் டூல்ஸ் பலகை இருக்கும். ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டால் வரைந்து, அதன்மேல் அதையே மாட்டிவைப்பது அவருடைய வழக்கம். வேலை முடிந்தால் பலகை நிறைந்தாக வேண்டும், நிறையாமல் அவர் பானெட்டை மூடி யாரும் பார்த்ததில்லை. அதில் ஓர் உருவம் மட்டும் இருபத்தொரு வருடமாகக் காலியாகக் கிடந்தது.

இந்த வருடம் விஜயதசமியன்று காலையில் குழந்தைவேலு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமா, பானெட்டைத் தொறந்துரலாமுங்க."

"உங்கப்பன் வேண்டாம்னு சொல்லீட்டுப் போயிருக்கறாரு கண்ணு."

"அப்பா அவர் பாதிக்குத்தான மாமா சொல்ல முடியும். அந்தப் பாதி இப்ப என்றது."

"அப்ப உன்ற பாதியை மட்டும் தொற."

"பானெட்டு ஒண்ணுதான இருக்குது."

"அதுதான் கண்ணு நானும் சொல்றேன்" என்றார் ஆறுச்சாமி. ஆனால் தடுக்கவில்லை. எழுந்து வந்து, பானெட்டைத் தாங்குகிற கம்பியை நிமிர்த்திப் பிடிக்கத் தானே கையை நீட்டினார்.

உள்ளே எலி ஒரு தலைமுறை வாழ்ந்து காலி செய்துவிட்டுப் போயிருந்தது. குழந்தைவேலு முதலில் புல்லியைத்தான் பார்த்தார். துணியால் துடைத்தார். புல்லி முழுவதும் துரு. துருவும் குங்குமமும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. பொட்டு இருந்ததா, இல்லையா, இருந்தது எந்த இடத்தில் என்று எந்தச் சங்கிலி போட்டும் அளக்க முடியாது. ஏதோ ஒருவிதத்தில் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கையை விட்டார். விரலில் இரும்பு தட்டியது.

அரை இஞ்ச் ஸ்பானர். டைமிங் போல்ட்டின் தலையில் மாட்டியபடியே, துருப்பிடித்து, போல்ட்டோடு ஒன்றாகிப்போய் நின்றது. பிடியில் 'செ' என்று அப்பா அடித்துவைத்த எழுத்து. டைமிங்கைத் திருகிக்கொண்டே இருந்தவர்கள், யாரோ நடுவில் கூப்பிட, அதை எடுக்க மறந்து, அப்படியே பானெட்டைச் சாத்திக்கொண்டு போனதுபோல இருந்தது. வாசலுக்கு வந்து, கெளம்புங்க என்று விரட்டுவதற்கு அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லை.

ஆறுச்சாமி அதைப் பார்த்தார். கம்பியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "பேக்கரிக்காரரு சுகுமாரன் இருந்தாருல்ல" என்று ஆரம்பித்தார், "அன்னைக்கு ரெண்டாவது டீக்கு நாங்க சொல்லி..." அங்கேயே நிறுத்திக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "போன் வந்த கையோட கெளம்பீட்டோம் கண்ணு."

குழந்தைவேலு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், போன் இருந்த மாடத்திலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்தார். கடைசி வரி அம்மாவின் எழுத்தில் இல்லை, அப்பாவின் எழுத்தில் இருந்தது. 'சேந்தது' என்பதற்குக் கீழே 4.20. அதை அவர் எப்போது எழுதினார் என்று தெரியாது. அன்று சாயங்காலம் வந்து எழுதியிருக்கலாம், ஆஸ்பத்திரியிலிருந்து, நீங்க வந்துட்டீங்க என்று போன் வந்தபோதே, கையில் கிரீஸோடு எழுதியிருக்கலாம். தாளின் ஓரத்தில் இருந்த கறை கிரீஸா, பழைய எண்ணெயா என்பதையும் குழந்தைவேலு அளக்க முடியாத பொருள்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். வலது பக்கம் காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்தை அவர் இத்தனை வருடமும் தொடாமல் வைத்திருந்தார். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் ஒருவிதமாக இருந்தால் அப்பா சொன்னதெல்லாம் பொய். இன்னொரு விதமாக இருந்தால், ஊர் முன்னால் அப்பாவிடம் தான் கேட்ட அந்தக் கிண்டல் கிண்டலே இல்லை. எந்தப் பதிலுக்குப் பிறகும், ராமநாதபுரத்திலிருந்து நீ எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று அந்த நோட்டு திரும்பிக் கேட்கும். மாமாவின் கையிலிருந்து கம்பியை வாங்கி அவர் தானே பானெட்டை நிறுத்திவைத்தார். கிழவரைப் பிடித்து ஓட்டுகிறவர் சீட்டில் உட்காரவைத்தார். மற்ற சீட்டில் நோட்டை விரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, 'கெளம்புனது' என்பதற்குக் கீழே முனையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாமா, அன்னைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"